மூடிய கிணற்றின் புல்

ஜூமா கிணற்றுக்கு நான் லாரியில் தண்ணீர் கொண்டுபோகிறேன் என்று சொன்னால் சாரிகும் ஊரில் சின்னக் குழந்தைகூடச் சிரிக்கும். கிணற்றுக்கு எவனாவது தண்ணீர் சுமப்பானா? ஆனால் என் பிழைப்பில் ஒரு பகுதி அதுதான். மாதத்துக்கு ஒரு நடை. ஊர்க்குழாயில் தொட்டியை நிரப்பிக்கொண்டு, மணல் தொடங்கும் இடத்தில் டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, ஒரு பகல் முழுக்க உருட்டிப் போவேன். மூடிக் கிடக்கும் அந்தக் கிணற்றின் பக்கத்தில் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. அதில் ஊற்றிவிட்டு மறுநாள் திரும்புவேன். அந்தத் தண்ணீரை வைத்துத்தான் ஒரு பெண்ணும் ஒரு ஒட்டகமும் ஒரு நாயும் அடுத்த நடைவரை உயிரோடு இருக்க வேண்டும். பிழைக்க வந்து இந்தக் காரகும் பாலைவனத்திலேயே தங்கிவிட்டவன் நான். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற சுபாவம். லாரி வழியில் நின்றுவிட்டால் அவள் என்ன குடிப்பாள் என்ற நினைப்பு, வண்டியைக் கிளப்பும்போதே என்னோடு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அவள் பெயர் ஓகுல்கெரெக். ‘ஆண்பிள்ளை வேண்டும்’ என்று அர்த்தம். வரிசையாகப் பெண்ணாகவே பிறக்கும் வீட்டில் கடைசியாக வந்தவளுக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். அடுத்ததாவது ஆணாக இருக்கட்டும் என்று ஆண்டவனுக்கு ஒரு ஞாபகமூட்டல்.

“எனக்கு அடுத்து தம்பி வந்துட்டான். அதோட என் வேலை முடிஞ்சுது. அப்புறம் வீட்டுல என்னை யாரு கூப்பிட்டா?” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஐம்பதை நெருங்கும் வயது. நல்ல உயரம். மணலுக்குப் பயந்து பூப்போட்ட சால்வையை மூக்குவரை இழுத்துக் கட்டியிருப்பாள். ஊரில் எல்லோருக்கும் அவள் அண்ணி.

ஜூமா அவள் கணவனின் தாத்தா. முப்பது ஆள் ஆழம் தோண்டி, சாக்சவுல் என்ற பாலைவன மரத்தின் கட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, அந்தக் கிணற்றை வெட்டியவர். இங்கே மண் யாருக்கும் சொந்தமில்லை, கிணறுதான் சொந்தம். காலையில் கிளம்பிய மந்தை மாலையில் தண்ணீருக்குத் திரும்பக்கூடிய தூரம்வரை உள்ள புல்லும் புதரும் கிணற்றுக்காரரின் பேச்சுக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் தண்ணீர் கேட்டு வருகிறவனை அவர் திருப்பி அனுப்ப முடியாது. தண்ணீர் கொடுத்தால் புல்லையும் கொடுத்ததாகத்தான் அர்த்தம். எந்தப் பக்கம் மேய்ப்பது, எப்போது கிளம்புவது என்று சொல்லலாம். இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

அவள் கணவன் அன்னகெல்தி நல்லவன்தான். இல்லை என்று சொல்லத் தெரியாதது போகட்டும், எப்போது கிளம்புவாய் என்று கேட்கவும் அவனுக்குத் தெரியாது. நகரத்தில் கடை வைத்திருப்பவர்கள் சும்மா இருக்கட்டுமே என்று வாங்கிவிட்ட மந்தைகளெல்லாம் ஜூமா கிணற்றுக்கு வந்தன. வந்தவை போகவில்லை. ஈலாக் என்று ஒரு புல் இருக்கிறது. இந்தப் பாலைவனத்தின் சோறே அதுதான். வசந்தத்தில் நாலு மழை விழுந்தால் முளைத்து, கணுக்கால் உயரம் வந்து, கோடை தொடங்கும்போது நின்ற நிலையிலேயே காய்ந்து வைக்கோலாகிவிடும். அதை ஆடுகள் மறுவசந்தம்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மழை பொய்த்த வருடம் விரல் உயரம்கூட வராது. அன்னகெல்தியின் காலத்தில் அது காயும்வரைகூட யாரும் காத்திருக்கவில்லை. பச்சையிலேயே மேய்ந்து, அடியில் ஓடும் வேரையும் குளம்புகள் கிளறிவிட்டன. புல் போன பிறகு புதர். புதர் போன பிறகு அதன் கட்டையும் அடுப்புக்குப் போனது. கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம் வெள்ளையாக விழுந்து, வருடா வருடம் அகன்றுகொண்டே போயிற்று. பிடிப்பில்லாத மணல் எழுந்து நடக்க ஆரம்பித்து வீட்டு ஜன்னலை எட்டியபோது மந்தைக்காரர்கள் வேறு கிணறு பார்த்துப் போய்விட்டார்கள். அன்னகெல்தியும் துருக்கிக்கு மூட்டை தூக்கப் போனான். முதல் வருடம் ஒரு கம்பளிக் கோட்டு வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை.

ஓகுல்கெரெக் கிணற்றை மூடினாள். வாய்க்குக் குறுக்கே கட்டைகள் போட்டு, மேலே பழைய கம்பளத்தை விரித்து, மணலை அள்ளிக் குவித்தாள். மூடிய கிணற்றில் தண்ணீர் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. அது எழவு வீட்டில் விருந்து கேட்பது மாதிரி. தண்ணீர் இல்லாத இடத்துக்கு மந்தை வராது. மந்தை வராத இடத்தில் புல் தானாக வரும்.

ஊரில் ஒரு கல்யாண விருந்து. நானும் இருந்தேன். விரிப்பிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு அவள் எழுந்து நின்றாள்.

“நான் வெதைக்கிற சாக்சவுல் ஆட்டு முதுகுக்கு மேல வளர்ற வரைக்கும் ஜூமா கிணறு தொறக்காது” என்று சொல்லி, அந்த ரொட்டியை எல்லோரும் பார்க்கத் தின்றாள். ரொட்டியின் மேல் சொன்ன சொல்லுக்கு மேலே இங்கே வேறு சத்தியம் கிடையாது.

பக்கத்தில் கறி தின்றுகொண்டிருந்த ஒரு தாடிக்காரர் சும்மா இருக்காமல், “கிணத்தை மூடுறதுக்கு முன்னாடி புருஷனை மூடி வச்சிருக்கணும், கெரெக்” என்றார்.

“அவரை மூட இந்தக் காரகும் மணல் பத்தாது மாமா. நீங்க எலும்பைத் துப்பிட்டுப் பேசுங்க, தொண்டையில சிக்கிடப்போகுது.”

விருந்தே சிரித்தது. மறுவாரம் அவள் ஒட்டகத்தையும் நாயையும் கூட்டிக்கொண்டு கிணற்றடி வீட்டுக்கே குடிபோனாள். யாரும் இல்லாவிட்டால் எவனாவது மணலை விலக்கித் திறந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

அங்கே அவள் செய்த வேலையை நான் மாதம் ஒரு முறை பார்ப்பேன். காய்ந்த புதர்க் குச்சிகளை வரிசை வரிசையாக மணலில் ஊன்றி, ஓடுகிற மணலுக்குக் கட்டம் கட்டுவாள். இலையுதிர் காலம் முடியும்போது தூரத்தில் தப்பிப் பிழைத்த சாக்சவுல் மரங்களைத் தேடிப் போவாள். அடியில் துணியை விரித்து, கிளையை உலுக்கி, இறக்கை வைத்த விதைகளைச் சேகரிப்பாள். அந்த விதை ஒரு குளிர்காலத்துக்கு மேல் உயிரோடு இருக்காது. கோடைக்கென்று எடுத்து வைக்க முடியாது; ஈரம் இருக்கும்போதே தூவிவிட வேண்டும். பத்துக் கட்டத்தில் தூவினால் இரண்டில் முளைக்கும். முளைத்ததைக் கோடை வெயில் வந்து எண்ணும், முயல் வந்து எண்ணும், மிச்சம் அவளுக்கு. வீட்டுக்குத் தெற்கே, வட்டம் மிக வெளுத்திருந்த இடத்தில், முழங்காலைக்கூட எட்டாத அந்தச் செடிகள் நின்றன. வடக்கே ஒரு நீண்ட மணல்மேடு. அதற்கு அப்பால், ஆடு வராத நிம்மதியில், வெட்டுப்பட்ட பழைய கட்டைகள் தாமாகவே துளிர்த்துப் புதராகிக்கொண்டிருந்தன.

நான் போகிற அன்று இரண்டு தேநீர்க் கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். நான் வரும் நாள் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“தெரியாது. தினம் ரெண்டும் கழுவுவேன்” என்றாள்.

தொட்டியில் தண்ணீர் இறங்கும் நேரமெல்லாம் ஏதாவது பேசச் சொல்வாள். ஊரில் யார் வீட்டில் என்ன சண்டை, யார் பல் விழுந்தது, எந்த வீட்டுச் சேவல் காணாமல் போனது, எதுவானாலும் சரி. காலையில் எழுந்ததும் வீட்டைச் சுற்றி மணலில் தடம் பார்ப்பாளாம்.

“நரி வந்தா நரித்தடம், வண்டு போனா வண்டுத்தடம். சில நாள் என் தடம் மட்டும்தான் இருக்கும். ஒட்டகத்துகிட்ட பேசினா மூஞ்சியில துப்புது. அதாவது பதில் சொல்லுதே, லாரித்தம்பி.”

நான் எழுந்துபோய்க் குழாயைச் சுருட்ட ஆரம்பிப்பேன்.

மூன்றாவது குளிர்காலத்தில் அது நடந்தது. நான் போய்ச் சேர்ந்த அன்று மாலை மழை பிடித்தது. நடுராத்திரியில் அது பனியாகி, மேலே மறுபடி மழை விழுந்து, அதன்மேல் வடக்குக் காற்று அடித்து எல்லாம் உறைந்துபோயிற்று. காலையில் கதவைத் தோளால் இடித்துத் திறந்தோம். பாலைவனம் முழுக்கக் கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது. ஈலாக் புல் அப்படியே அதற்குள் நின்றது. பார்க்கலாம், தொட முடியாது. என் லாரியில் டீசல் கூழாகிவிட்டது. அடியில் தணல் வைத்துப் பார்த்தும் அது முனகியதோடு சரி. நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவளோ தெற்கே போய்ச் செடிகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஐஸை உதிர்த்துவிட்டு வந்தாள்.

“வளையுது. ஒடியல” என்றாள். அவளுக்கு அன்று வேறு கவலை இல்லை.

மூன்றோ நான்கோ நாள் கழித்து, மதிய நேரம், நாய் குரைத்த குரைப்பு மாறியது. கிழக்கிலிருந்து ஒரு மந்தை வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு கிழட்டு வெள்ளாட்டுக் கடா, கழுத்தில் மணி. பின்னால் ஆடுகள், தலை தொங்கி, ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்து நடந்தன. கடைசியில் நீளமான ஆட்டுத்தோல் கோட்டும் கம்புமாக மெரெத்.

மெரெத் ஊர் மந்தையின் இடையன். அன்னகெல்திக்குச் சித்தப்பா மகன். மனைவி இறந்து ஆறேழு வருடம் ஆகிறது. அவன் பேச்சு ஊரில் பிரசித்தம்.

“நல்லா இருக்கியா அண்ணி? ஒட்டகம் நல்லா இருக்கா? நாய் நல்லா இருக்கா? அட, லாரித்தம்பி! உன்னையும் சேர்த்து நட்டுட்டாளா?”

“எல்லாரும் இருக்கோம்” என்றாள் ஓகுல்கெரெக். “நீ ஏன் இங்க வந்த?”

“நான் எங்க வந்தேன்? மாமனார்தான் கூட்டிட்டு வந்தாரு.” கடாவுக்கு அவன் வைத்திருந்த பெயர் அது. முன்னால் மட்டும் நடக்குமாம், திரும்பி இவனைப் பார்க்கவே பார்க்காதாம்.

“அப்ப மாமனாரைத் திரும்பக் கூட்டிட்டுப் போகச் சொல்லு.”

மெரெத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் இறங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணாட்டின் தாடையைப் பிடித்து உயர்த்திக் காட்டினான். மூக்கும் உதடும் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது.

“கெழக்கே புதரே இல்ல அண்ணி, எல்லாம் ஈலாக். எல்லாம் கண்ணாடிக்கு அடியில. மூஞ்சியால ஒடைச்சு ஒடைச்சுத் தின்னப் பாக்குது. நேத்து நாலு விழுந்துச்சு. இன்னைக்குக் கணக்கு நான் வைக்கல. ஐஸுக்கு மேல தலைய நீட்டிட்டு நிக்கிற செடி உன்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

“கிணறு மூடியிருக்கு, மெரெத்.”

“தெரியும்” என்றான். “நான் தண்ணி கேக்கலியே.”

குனிந்து ஒரு துண்டு ஐஸைப் பெயர்த்து வாயில் போட்டுக் கடித்தான். “இது எந்தக் கிணத்துத் தண்ணி? எந்தத் தாத்தா வெட்டினது? இதுக்குச் சொந்தக்காரன் வந்து, இந்தப் பக்கம் மேய், அந்தப் பக்கம் மேய்னு சொன்னா நான் கேக்குறேன்.”

அவள் காலடி ஐஸைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் யோசித்தேன். மூன்று வருடமாக ஒரு பூட்டைக் காவல் காத்திருக்கிறாள். பனி விழுந்தால் சுவரே இருக்காது என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. இங்கே பனி எப்போதோ ஒரு முறைதான். அது விழுந்துவிட்டால் மந்தைக்குக் கிணறு வேண்டாம். கிணறு வேண்டாத மந்தைமேல் கிணற்றுக்காரிக்குப் பேச்சும் இல்லை. அவன் சொன்னது வழக்கப்படி சரி. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

அதற்குள் இரண்டு ஆடுகள் தெற்குப் பக்கம் திரும்பின. நாய் பாய்ந்து மறித்தது.

“வடக்கே ஓட்டு” என்றாள். “மேட்டுக்கு அந்தப் பக்கம் பழைய கட்டையெல்லாம் தழைச்சு நிக்குது. அதைத் தின்னா செத்துப்போகாது, திரும்பத் துளிர்க்கும்.”

“மேடு ஏறுற தெம்பு இருந்தா நான் இதுகளை ஊருக்கே ஓட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா? நாலு நாளா ஐஸைத் தின்னு வயித்துக்குள்ள குளிர் பிடிச்சுக் கெடக்குதுங்க. இதோ, தெக்கே கைக்கெட்டுற தூரத்துல இருக்கு.”

“அது பச்சைக் குழந்தைங்க மெரெத். ஒரு கடி கடிச்சா, போச்சு. மறுபடி மொளைக்காது.”

“இதுங்க வயித்துலயும் குழந்தைதான் இருக்கு. பாதிக்கு மேல சினை.” சற்று நிறுத்திச் சொன்னான். “காது கிழிச்ச கறுப்பு ரெண்டு உன்னுது. அதுவும் இதுலதான் நிக்குது. பாக்குறியா?”

அவள் பார்க்கவில்லை. தெற்கே பார்த்தாள். பனியில் வரிசை வரிசையாகக் கட்டங்களும் அவற்றுக்குள் சாம்பல் நிறக் குச்சிகளும் தெரிந்தன. விவரம் தெரியாதவன் பார்த்தால் விறகுக்குக்கூட ஆகாதவை என்பான். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். கதவடைத்துக்கொண்டு அழப்போகிறாளோ என்று எனக்குப் பயம். மண்வெட்டியோடு வெளியே வந்தாள்.

கிணற்று மேட்டின்மேல் ஏறி முதல் வெட்டு வெட்டினாள். உறைந்த மணல் கல் மாதிரி ஒலித்தது.

“அண்ணி!” மெரெத் கத்தினான். “ரொட்டி மேல சத்தியம் பண்ணினியே! நான்தான் தண்ணி வேணாம்னு சொல்றேனே!”

“உனக்கு வேணாம். ஆட்டைக் கேட்டியா?”

“ஊரே பாக்கத் தின்னியே அண்ணி…”

“தின்னது நான். வயித்துவலி வந்தா எனக்குத்தானே வரும்? வந்து இந்தக் கட்டையப் பிடி.”

நானும் லாரியிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மணல் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கம்பளம் கட்டைகளோடு ஒட்டி உறைந்திருந்ததால் அதை அறுக்க வேண்டியிருந்தது. கடைசிக் கட்டையை உருட்டியதும் கிணற்றின் வாயிலிருந்து ஆவி எழுந்தது. முப்பது ஆள் ஆழத்திலிருக்கும் தண்ணீருக்குக் குளிர்காலம் தெரியாது. உள்ளே ஏதோ பெரிய மிருகம் இத்தனை நாளாக மூச்சை அடக்கிக்கொண்டிருந்து இப்போதுதான் விட்டது போலிருந்தது. ஆடுகளெல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின.

ஒட்டகத்தைக் கயிற்றில் பூட்டி நடத்தினாள். முதல் சில தோல் வாளிகளில் நாற்றமடித்த தண்ணீர்; கொட்டினோம். அப்புறம் தெளிந்து வந்ததை மரத்தொட்டியில் ஊற்றுவதற்கு முன் கையைக் காட்டி மெரெத்தைத் தடுத்தாள்.

“இது ஜூமா கிணத்துத் தண்ணி. சரியா?”

“சரி.”

“குடிக்கிற மந்தை கிணத்துக்காரி சொல்ற பக்கம் போகும். சொல்றப்ப கிளம்பும்.”

மெரெத் அவளையே பார்த்தான். மெதுவாக அவன் வாய் ஒரு பக்கம் கோணியது. “அடிப்பாவி அண்ணி! தண்ணி குடுத்துக் கட்டிப்போடுற.”

“வடக்கே. மேட்டுக்கு அந்தப் பக்கம். இந்தக் கூரையிலருந்து ஐஸ் சொட்ட ஆரம்பிச்சா அன்னைக்கே கிளம்பணும். சொட்டினா, அவ்வளவுதான்.”

“சரி.”

“மாமனார்கிட்டயும் கேட்டுக்கோ.”

“அவருக்கு முன்னாடியே சம்மதம். பாரு, தொட்டிக்குள்ள தலைய விட்டுட்டாரு.”

ஐஸைத் தின்கிற ஆடு தன் கொழுப்பையே தின்கிறது என்று இங்கே சொல்வார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ளே போனதும் அவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் முதுகு நிமிர்ந்தது. மெரெத் சீட்டி அடித்தான். கடா மணியை ஆட்டிக்கொண்டு மேட்டில் ஏறியது. பின்னால் மந்தை ஏறியது. தெற்கே போகும் பாதையில் ஓகுல்கெரெக்கும் நாயும் மறித்து நின்றார்கள். எல்லா ஆடும் ஏறவில்லை. வழியில் படுத்தவற்றை மெரெத் கத்தியால் முடித்தான். மாமனார் மேட்டின் உச்சிவரை போய், மந்தை முழுக்கத் தாண்டியதும் முழங்கால் மடித்து உட்கார்ந்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை. மெரெத் அதைக் கத்தியால் தொடவில்லை. பக்கத்திலேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு, மணியை அவிழ்த்துக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து மந்தை தினமும் தண்ணீருக்கு வந்து போயிற்று. மெரெத் மாலையில் வீட்டுக்கு வருவான். என் லாரி இன்னும் முனகிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாவது கிண்ணம் இல்லாததால் எனக்கு வாளிமூடியில் தேநீர். அவள் தணலுக்கு அடியில் சூட்டு மணலைத் தோண்டி ரொட்டி சுட்டு எடுத்து, சாம்பலைத் தட்டி எங்கள் முன்னால் வைப்பாள். தான் மட்டும் கறிச்சாறும் புளித்த ஒட்டகப்பாலும் குடித்தாள். இரண்டாம் நாள்தான் கவனித்தேன்.

“அண்ணி, ரொட்டி?”

“இந்த வாயால ஒரு தடவை தின்னது பத்தாதா? செடி வளரட்டும். அப்புறம் ரொட்டி.”

மெரெத் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். கீழே வைக்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் இருந்தான். “அப்ப நான் மட்டும் எப்படி…”

“நீ தின்னு. நீ சத்தியம் பண்ணினியா? உனக்குத்தான் எதுலயும் மாட்டிக்கத் தெரியாதே.”

“மாட்டிக்கிட்டுத்தானே உக்காந்திருக்கேன்” என்றான் அவன். அவள் எழுந்துபோய் அடுப்பில் கட்டை வைத்தாள்.

அந்த நாட்களில் அவள் பேசிய பேச்சு! ஒரு வருடத்துப் பேச்சைச் சேர்த்துவைத்திருந்தாள் போல. மெரெத் ஊர்க்கதை சொல்ல, இவள் அவனை மடக்க, அவன் பாட, இவள் அவன் குரலைச் சினை ஒட்டகத்தோடு ஒப்பிட, வெளியே நாய்கள் சண்டை போட, மேட்டுக்கு அப்பாலிருந்து ஆடுகள் இருமும் சத்தம் கேட்க, அந்தச் சின்ன வீட்டில் இடமே போதவில்லை. காலையில் அவள் வெளியே போய் மணலைப் பார்ப்பாள். எங்கு பார்த்தாலும் தடம்.

ஒரு விடியலில் காற்று தெற்கே திரும்பியிருந்தது. நான் கண்விழித்தபோது அவள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். கூரை ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. அடுத்தது திரண்டது. அவள் கையை நீட்டி அதை உள்ளங்கையில் வாங்கினாள். மூன்றாவதையும் வாங்கினாள். வாங்கிக்கொண்டே இருந்தால் தரையில் சொட்டாது என்பது போல.

மெரெத் மேட்டிலிருந்து இறங்கி வந்தான். அவனும் கூரையைப் பார்த்தான்.

“இது சொட்டு இல்ல அண்ணி. மூடுபனி வழியுது.”

“சொட்டுதான்.”

“மதியம் மறுபடி உறைஞ்சிடும் பாரு. இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு…”

“கெழக்கே ஈலாக் தலை தெரியும் இப்ப. தின்ன ஆரம்பிச்சிடும்.”

“தெரியும். அதுக்குச் சொல்லல.” கம்பால் ஈர மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். “கிணறு தொறந்துதானே கெடக்கு. நான் வேணா மந்தையை ஊர்ல ஒப்படைச்சிட்டுத் திரும்பி வர்றேன். கட்டம் கட்ட ரெண்டு கை கூட இருந்தா நல்லதுதானே? என் ஆடு ஒரு முப்பதை மட்டும் வச்சுக்கிட்டு…”

அவள் வடக்கு மேட்டைப் பார்த்தாள். அதற்கு அப்பால் புதர்கள் நுனி கடிபட்டு, மொட்டையாக, ஆனால் நின்றுகொண்டிருந்தன. தெற்கே பார்த்தாள்.

“முப்பது ஆடு முப்பதாவே இருக்காது மெரெத். உன் அண்ணனும் முப்பதுல இருந்துதான் ஆரம்பிச்சாரு. கிணறு தொறந்திருக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் நான் இல்லன்னு சொல்ல முடியாது. நீ இருந்தா சொல்லவே விடமாட்டே. நீயும் அவர் தம்பிதானே.”

“ஆடு இல்லாம வந்தா?”

“ஆடு இல்லாம நீ யாரு?” என்றாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். “சொன்ன சொல்லு. கிளம்பு.”

அவன் கோட்டிலிருந்து கடாவின் மணியை எடுத்து, வீட்டு வாசல் கம்பத்தில் கட்டினான். “மாமனார் இங்கேயே இருக்கட்டும். துணைக்கு” என்றான். பிறகு சீட்டி அடித்தான். மந்தை மேட்டைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போயிற்று.

என் லாரியும் அன்று மதியம் கிளம்பியது. நான் போவதற்கு முன் கட்டைகளை மீண்டும் கிணற்றுக்குக் குறுக்கே போட்டுக் கொடுத்தேன். மணலைத் தானே அள்ளிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். மண்வெட்டி ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேடு மறைக்கும்வரை அவள் தலையைத் தூக்கவில்லை.

ஊரில் அவளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். ரொட்டிச் சத்தியத்தை மீறியவள் என்று அந்தத் தாடிக்காரர் அவள் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். வசந்தத்தில் ஆடுகள் குட்டி ஈன்ற வீடுகளில் மட்டும் வேறு மாதிரிப் பேச்சு. ஆனால் எந்த வீட்டிலிருந்தும் யாரும் அங்கே போகவில்லை. மூடிய கிணற்றுக்கு யார் போவார்கள்?

அடுத்த நடையில் நான் வழக்கம்போல மாவு மூட்டையை இறக்கினேன். திருப்பி ஏற்றச் சொன்னாள். “மாவு வேணாம் லாரித்தம்பி. இனிமே அரிசி.” தெற்கே கூட்டிப்போய்க் காட்டினாள். குளிரில் சில கட்டங்கள் கருகிப்போயிருந்தன. மற்றவற்றில் குச்சிகளின் கணுக்களில் பச்சை ஊசிபோலத் துளிர். ஒரு கம்பை வெட்டி, ஆட்டு முதுகு உயரத்தில் கோடு கிழித்து வைத்திருந்தாள். ஒரு செடியின் பக்கத்தில் அதை நட்டுப் பார்த்தாள். பாதிகூட வரவில்லை.

திரும்பும்போது வாசல் கம்பத்தில் மணி இல்லை. அதை ஒரு துணியில் சுற்றி, உள்ளிருந்து எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

“இதை மெரெத்கிட்ட குடுத்துடு.”

“ஏன் அண்ணி? துணைக்குன்னு கட்டினானே.”

“காத்து அடிச்சா அடிக்குது. அடிக்கும்போதெல்லாம் வெளிய ஓடிப்போய்ப் பாக்குறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஓடுறது?”

மணியின் நாக்கில் கம்பளி நூலைச் சுற்றியிருந்தாள், வழியில் சத்தம் போடாமலிருக்க.

மெரெத்தைக் கிழக்கு மேய்ச்சலில் பார்த்துக் கொடுத்தேன். துணியைப் பிரித்தான். நூலைப் பிரிக்கவில்லை. புதிதாகப் பழக்கிய கடா ஒன்று பக்கத்தில் நின்றது. அதற்குக் கட்டுவான் என்று நினைத்தேன், கட்டவில்லை.

“வரச் சொன்னாளா?” என்று கேட்டான்.

“இல்லை. அரிசி கேட்டாள்.”

அவன் தலையாட்டினான். மணியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, “செடி எவ்வளவு உயரம்?” என்றான்.

கையால் என் முழங்காலுக்கு மேலே காட்டினேன். உண்மையில் அதற்குக் கீழேதான்.